லிஸ்ப்பில் ஜன்னல் வரவில்லை என்றால்: எல்டிகேயா, ஜிடிகேயா?

காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் ஒரு நிரலுக்கு ஜன்னலும் நாலு பொத்தானும் வேண்டுமென்றால், எல்டிகே, சிஎல்-சிஎஃப்எஃப்ஐ-ஜிடிகே என்ற இரண்டு நூலகங்களின் பெயர்கள் சீக்கிரமே காதில் விழும். முன்னது டிகே என்ற ஜன்னல் கருவியையும், பின்னது ஜிடிகே 3 என்பதையும் லிஸ்ப்பிலிருந்து பயன்படுத்த உதவுகின்றன. இரண்டிலும் எழுதிப் பார்த்துவிட்டு நான் எல்டிகேயில் தங்கிவிட்டேன். தோற்றத்தில் ஜிடிகே 3 மேல், அதில் பேச்சே இல்லை. லிஸ்ப் நூலகங்களை இறக்கித் தரும் குவிக்லிஸ்ப் வழியாக இரண்டுமே வந்துவிடும். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: ஏதாவது கெட்டுப்போனால், கோளாறு எந்தப் பக்கம் என்று எவ்வளவு சீக்கிரம் தெரிகிறது?

எல்டிகே எந்த சி நூலகத்தையும் லிஸ்ப்புக்குள் ஏற்றுவதில்லை. 'விஷ்' என்ற டிகே நிரலைத் தனிச் செயலியாக ஓடவிட்டு, பைப் (இரு நிரல்களை இணைக்கும் குழாய்) வழியாக அதற்கு டிசிஎல் மொழிக் கட்டளைகளை எழுத்தாக அனுப்புகிறது. அதனால் '*டீபக்-டிகே*' மாறியை 'டி' (லிஸ்ப்பில் 'ஆம்') ஆக்கினால் போகும் வரிகள் எல்லாம் கண்முன்னே ஓடும். சந்தேகமான வரியை எடுத்து, தனியாகத் திறந்த விஷ்ஷில் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் அதே பிழை வந்தால் பெரும்பாலும் கட்டளையிலேயே தப்பு. அங்கே சரியாக ஓடினால், கட்டளைகள் போன வரிசையையோ உங்கள் லிஸ்ப் பக்கத்தையோ பார்க்க வேண்டும். பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும். விஷ் செத்துப்போனாலும் லிஸ்ப் உயிரோடு இருக்கும். எழுதியதைத் திருத்தி மறுபடி ஓட்டலாம்.

எல்டிகேயில் அடிக்கடி இடறும் இடம் த்ரெட், அதாவது ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழை. 'வித்-எல்டிகே' தன் இணைப்பை '*விஷ்*' என்ற ஸ்பெஷல் மாறியில் கட்டுகிறது. வேறொரு த்ரெட்டிலிருந்து ஒரு லேபிளை மாற்றப் போனால் அங்கே அந்தக் கட்டு இருக்காது, மாற்றம் திரைக்கு வராது. த்ரெட்டில் செய்த கணக்கின் விடையை ஒரு வரிசையில் போட்டுவிட்டு, 'ஆஃப்டர்' (சற்று நேரம் கழித்து ஒன்றை ஓட்டும் கட்டளை) வைத்து ஜன்னல் பக்கமே அவ்வப்போது எடுத்துக்கொள்வதுதான் சரியான வழி.

ஜிடிகேயில் சி நூலகம் லிஸ்ப்புக்குள்ளேயே ஓடுகிறது. நூலகம் கிடைக்கவில்லை என்ற பிழை பரவாயில்லை, '*ஃபாரின்-லைப்ரரி-டைரக்டரீஸ்*' பட்டியலில் பாதையைச் சேர்த்தால் தீரும். அப்புறம் வருவதுதான் தொல்லை. பூஜ்ய வகுத்தல் போன்ற மிதவைப்புள்ளிப் பிழைகளை எஸ்பிசிஎல் என்ற லிஸ்ப் கம்பைலர் பொறி வைத்துப் பிடிக்கும். சி நூலகங்களோ அந்தப் பொறிகள் மூடியிருக்கும் என்று நம்பி எழுதப்பட்டவை. அதனால் உங்கள் கோடில் வகுத்தலே இல்லாதபோதும் அந்தப் பிழை எழலாம். 'வித்-ஃப்ளோட்-ட்ராப்ஸ்-மாஸ்க்ட்' என்று சுற்றினால் அடங்கும், ஆனால் அது தெரியாதவர் எங்கே போய்த் தேடுவார்? மேக்கில் ஜன்னல் வேலை முதன்மை த்ரெட்டில்தான் நடக்க வேண்டும் என்பது இன்னொன்று. தவறான பாயிண்டர் (நினைவக முகவரி) ஒன்று போனால் நினைவகப் பிழை. அதற்குப் பிறகு அந்த லிஸ்ப் இமேஜை (ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்ப் முழுவதையும்) நம்ப முடியாது, மூடித் திறக்க வேண்டியதுதான். ஜிடிகேயின் எச்சரிக்கைகள்கூட ஸ்லைமில் (ஈமாக்ஸ் எடிட்டரின் லிஸ்ப் சூழல்) நாம் கட்டளை தட்டும் ஆர்இபிஎல்லுக்கு வராமல் இன்ஃபீரியர்-லிஸ்ப் பஃபரில் விழும். அங்கே எட்டிப் பார்க்காமல் பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

ஜிடிகேக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. 3.14 முதல் அதோடு வரும் இன்ஸ்பெக்டரைத் திறந்தால், ஓடும் ஜன்னலின் ஒவ்வொரு விட்ஜெட்டையும் (பொத்தான், பெட்டி போன்ற உறுப்பு) அதன் பண்புகளையும் பார்க்கலாம், மாற்றலாம். இடைவெளி, அமைப்புக் கோளாறுகளுக்கு எல்டிகேயில் இதற்கு ஈடு இல்லை.

பைப்பில் எழுத்தாகவே எல்லாம் போவதால், நொடிக்கு நொடி மாறும் பெரிய வரைபடம் என்றால் எல்டிகே திணறும் என்றே நினைக்கிறேன். என் வேலைகள் படிவங்களும் பட்டியல்களும்தான் என்பதால் அதை அடித்துச் சொல்ல மாட்டேன். மெக்கிளிம் என்ற இன்னொரு லிஸ்ப் ஜன்னல் நூலகத்தையும் மேலோட்டமாகத்தான் தொட்டிருக்கிறேன். எக்ஸ்11 என்ற ஜன்னல் அமைப்பு வழியாக ஓடும் அது பெரும்பாலும் லிஸ்ப்பிலேயே எழுதப்பட்டது என்பதால் பிழையை டீபக்கரில் உள்ளே வரை துரத்த முடிகிறது. அதன் கருத்துகளைப் பழக நாளாகும். படிவம், பட்டியல், நாலு பொத்தான் அளவுக்கு என்றால் எல்டிகேயை எடுத்து, முதல் நாளே '*டீபக்-டிகே*'யைத் திறந்து வையுங்கள்.