வாட்டர்கலர்: வீடியோ பாத்து கத்துக்கறதா, நேரா வரைய உக்காரறதா?

யூடியூப்ல வாட்டர்கலர் வீடியோ பாக்கறதுல நெஜமாவே லாபம் இருக்கு, லைட் கலர்ல ஆரம்பிச்சு டார்க்குக்கு போகணும், வெள்ளை வேணும்ங்கற இடத்துல கலர் பூசாம பேப்பரையே விட்டுடணும், 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்னு பேப்பரோட கனத்த சொல்ற அளவு) பேப்பர்னா அவ்ளோ நெளியாது, இதெல்லாம் யாராச்சும் சொன்னாதான் தெரியும்.

ஆனா பிரஷ்ல தண்ணி எவ்ளோ இருக்கணும்னு எந்த வீடியோவும் கைக்கு சொல்லித்தராதுங்க. பேப்பர் ஈரம் பளபளன்னு இருக்கும்போது கலர் வெச்சா ஓடி பரவிடும், பளபளப்பு அடங்குற நேரத்துல வெச்சா ஓரம் மட்டும் மெத்துன்னு நிக்கும், பாதி காஞ்சப்புறம் தண்ணி பிரஷ் பட்டுச்சோ காலிஃபிளவர் மாதிரி திட்டு விழும், அதுவும் நம்ம ஊர் மே மாச வெயில்ல பேப்பர் காயற வேகமே வேற. காஞ்சதும் கலர் வெளிறும், அந்த கணக்கும் வரைஞ்சு வரைஞ்சுதான் புடிபடும். 1850ல ஆரம்பிச்ச சென்னை ஓவியக் கல்லூரில பசங்கள அவுட்டோர் கூட்டிட்டு போயி வரைய வெக்கறதும் இந்த பழக்கத்துக்கு உதவும்.

என்னை கேட்டா வரையறதுதான் முதல்ல. போஸ்ட்கார்டு சைஸ்லயாச்சும் ஒண்ணு முடிச்சுட்டு, எங்க மாட்டிக்கிட்டீங்களோ அதுக்கு மட்டும் வீடியோ தேடுங்க, ஆட்டோப்ளேவ ஆஃப் பண்ணிடுங்க.