முத்துக்கடையில் வாங்கிய சேஃப்டி ஷூ: ஆறு மாதம் போட்டுப் பார்த்த பிறகு

ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு சின்ன ஃபேப்ரிகேஷன் கம்பெனியில் நான் ஷிஃப்ட் சூப்பர்வைசர். எங்கள் ஆட்கள் 26 பேருக்கும் முத்துக்கடை பக்கம் ஒரு கடையில் சேஃப்டி ஷூ வாங்கி ஆறு மாதம் ஆகிறது. ஷூ நல்ல ஷூ, வாங்கலாம்.

முன்னாடி இருந்த ஷூவைப் பற்றிச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். அது ஆபீசில் விலை மட்டும் பார்த்து மொத்தமாக எடுத்தது. 7, 8, 9 என்று மூன்றே சைஸ், முன்பக்கம் குறுகல். சின்ன வயதில் செருப்பில்லாமல் நடந்து விரல் விரிந்த கால்கள் எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு; விரலைக் காக்க ஷூ முன்பக்கம் வைத்திருக்கும் ஸ்டீல் கேப் சுண்டுவிரலை எட்டு மணி நேரம் நசுக்கினால் யார் போடுவார்கள்? மார்ச் 4, பாதுகாப்பு தின உறுதிமொழி எடுக்கும்போது எல்லார் காலிலும் ஷூ இருக்கும். நைட் ஷிஃப்டில் ரப்பர் செருப்புதான். நானும் கத்தினேன், அபராதம் போட்டேன். அதில் நடந்தது என்னவென்றால், என் தலை தெரிந்தால் மட்டும் மாட்டுவார்கள், கூடவே அடிபட்டாலும் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். ஒரு ஹெல்பர் கால் நகம் பெயர்ந்து மூன்று நாள் துணி சுற்றி மறைத்துக்கொண்டு வேலை செய்ததை நான் டீக்கடையில்தான் கேள்விப்பட்டேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இவர்களுக்கு அக்கறை இல்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இருபது வருஷ சர்வீஸ் உள்ள வெல்டர் ஒருவர் நேராகவே கேட்டார்: "இன்னா சார், ஷூ ஷூன்றீங்க, எங்க கால் அளவை ஒரு நாளாவது எங்களாண்ட கேட்டீங்களா?"

கேட்டதில்லை.

முத்துக்கடை ஷூ கடைக்காரருக்கு ஃபோன் செய்து 26 ஜோடி என்றேன். அவர் விலையே பேசவில்லை, "சாயங்காலமா வரேன், நாள் பூரா நின்ன கால்தான் சரியான அளவு காட்டும்" என்றார். சொன்னபடி வந்து, பழைய பேப்பரை விரித்து ஒவ்வொருவரையும் நிற்க வைத்து, இரண்டு காலையும் பென்சிலால் வரைந்து எடுத்தார். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெரியவர் அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கடைக்காரர் ஒவ்வொருவரிடமும் என்ன வேலை என்று விசாரித்தார். வெல்டர்களுக்குச் சூடு தாங்கும் நைட்ரைல் ரப்பர் சோல், மற்றவர்களுக்குப் பி.யூ. (பாலியூரித்தேன் என்ற லேசான பிளாஸ்டிக் வகை) சோல். எங்கள் ஸ்டோரில் வருஷக்கணக்கில் கிடந்த புது ஷூ ஒன்றைக் கட்டை விரலால் அழுத்திக் காட்டினார், சோல் புட்டு மாதிரி உதிர்ந்தது. பி.யூ. ஈரத்தை இழுத்து, போடாமல் வைத்திருந்தாலே கெட்டுவிடும், அதனால் உள்ளே அச்சடித்திருக்கும் தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்கச் சொன்னார். சேஃப்டி ஷூவுக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 15298 பாகம் 2 என்று போட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். அதில் கேப் 200 ஜூல் அடி தாங்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவது மாதிரி. பாகம் 4 என்றால் அந்த விரல் காப்பு கிடையாது.

குறை இல்லாமல் இல்லை. லேஸ் மட்டம், இரண்டே மாதத்தில் அறுந்தது. சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் தாமதம். விலை பழையதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு, ஆபீசில் சம்மதம் வாங்கப் பெரும்பாடு பட்டேன். வேலூர் வெயிலில் மதியத்துக்கு மேல் கால் வேகத்தான் செய்கிறது.

போன மாதம் சொல்லாமல் ராத்திரி இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். 11 பேரில் 10 பேர் காலில் ஷூ. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது வேறு. புதுசாகச் சேர்ந்த பையன் ஓடி வந்து, "சார், ஸ்லிங்ல ரெண்டு இழை அறுந்திருக்கு, நான் தூக்க மாட்டேன்" என்றான். ஸ்லிங் என்றால் சுமையைக் கட்டித் தூக்கும் கயிறு. முன்பெல்லாம் இப்படிச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் வராது, சொன்னாலும் நான் "இத்தனை நாள் தூக்கலையா" என்றிருப்பேன். அபராதத்தை நிறுத்தியதும் அளவு கேட்டதும்தான் அவர்களைப் பேச வைத்தது என்று நம்புகிறேன். அந்த ஸ்லிங்கை அங்கேயே வெட்டிப் போட்டோம், மறுபடி யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று.

செருப்போடு இருந்த அந்தப் பதினோராவது ஆள் காண்ட்ராக்டில் வந்தவர். "எனக்கு யாரும் குடுக்கல சார்" என்றார். அவரைப் போல ஒன்பது பேர் இருக்கிறார்கள், 26 கணக்கில் நான் அவர்களைச் சேர்க்கவே இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்காரர் பேப்பர், பென்சிலோடு மறுபடி வருகிறார். லேஸ் மட்டும் நல்லதாகக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.