லால்வின் 71பி ஈஸ்ட்: பத்து மாதம் கழித்து

போன வருடம் முதல் முறையாக வீட்டில் தேன் மது போட்டேன். இந்த ஈஸ்டைப் பற்றி ஐந்தாவது வாரத்தில் எழுதியிருந்தால் இரண்டு நட்சத்திரம்தான் கொடுத்திருப்பேன். பத்து மாதம் கழித்து எழுதுகிறேன், ஐந்து.

1.5 கிலோ க்ளோவர் பூத் தேன், தண்ணீரோடு சேர்த்து 4.5 லிட்டர். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.098 காட்டியது. 5 கிராம் ஈஸ்ட் பாக்கெட்டை முழுசாகப் போட்டேன். தேனில் நைட்ரஜன் ரொம்பக் குறைவு, வெறும் தேன் தண்ணீரில் ஈஸ்ட் திணறிவிடும். அதனால் ஈஸ்டுக்கான சத்துப்பொடியை முதல் வாரத்திலேயே நான்கு தவணையாகச் சேர்த்தேன். ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டு நிலவறை 18 டிகிரியிலேயே இருந்தது. சர்க்கரை ஆல்கஹாலாக மாறி, நான்கு வாரத்தில் அடர்த்தி 0.998க்கு இறங்கியது, அதாவது சுமார் 13 சதவீதம் ஆல்கஹால். 71பி தாங்குவது 14 வரைதான். இனிப்பு மிஞ்ச வேண்டும் என்றால் தேனை இன்னும் கூட்டுங்கள்.

ஐந்தாவது வாரம் ருசி பார்த்தேன். தீக்குச்சி உரசிய வாடை, நாக்கில் எரிச்சல், தேன் போன இடமே தெரியவில்லை. கொட்டிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. தயவுசெய்து கொட்டாதீர்கள்! அடியில் படிந்த ஈஸ்ட் வண்டலை விட்டு வேறு ஜாடிக்கு மாற்றுங்கள், அதுவும் சீக்கிரம். 71பியை அதன் வண்டல்மேல் மாதக்கணக்கில் விடக்கூடாது.

நான்காம் மாதம் ஜாடிக்குப் பின்னால் பிடித்த செய்தித்தாளைப் படிக்க முடிந்தது. தெளிந்த கள்ளுக்கு நம்மிடம் தேறல் என்று பெயர் இருக்கிறதே, அந்தச் சொல் அன்றைக்குத்தான் எனக்குக் கண்ணால் புரிந்தது. ருசி மட்டும் இன்னும் தண்ணீராகவே இருந்தது.

அப்புறம் பாட்டிலில் அடைத்தேன், ஐந்து வந்தது. முதலில் திறந்ததன் மூடி ரப்பர் இறுகிப்போயிருந்தது, பழைய பாட்டில். காற்று புகுந்து, நனைந்த அட்டைப் பெட்டி போல ஆகிவிட்டது. ரப்பரை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

போன வாரம் இரண்டாவது பாட்டிலைத் திறந்தேன். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஒன்றும் தெரியவில்லை. அரை மணி நேரம் மேசையில் வைத்தேன். முதலில் பேரிக்காய் வாசனை, பிறகு தேன், தொண்டையில் எரிச்சலே இல்லை. குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எடுத்து முகர்ந்தால் அடியில் தேன்மெழுகு மணந்தது. மீதி மூன்றில் ஒன்றை இரண்டாம் வருடம்வரை தொடப்போவதில்லை.