காச்சோ ஃபூகெட்சு, செட்சுகெக்கா: எது நெருக்கம்?

இயற்கையின் அழகை ரசிப்பதைச் சொல்ல ஜப்பானியர்களிடம் இரண்டு தொடர்கள் உண்டு. காச்சோ ஃபூகெட்சு என்பது பூ, பறவை, காற்று, நிலா. செட்சுகெக்கா என்பது பனி, நிலா, பூ.

முதலாவது பரந்தது. எந்த மாதத்திலும் பொருந்தும். ஹிரோஷிகே போன்றோர் மரக்கட்டை அச்சில் வரைந்த பூவும் பறவையும் இந்த ரசனையைச் சேர்ந்தவைதான்.

இரண்டாவதில் பருவங்கள் இருக்கின்றன: குளிர்காலப் பனி, இலையுதிர்கால நிலா, வசந்தப் பூ. இதன் வேர் சீனாவில். தாங் காலக் கவிஞர் பாய் ஜூயி தூரத்து நண்பருக்கு எழுதிய கவிதையில், பனியும் நிலாவும் பூவும் வரும்போதுதான் உன்னை மிக அதிகம் நினைக்கிறேன் என்கிறார். ஜப்பானிய எழுத்தாளர் யசுனாரி கவாபதா 1968 நோபல் உரையில் இந்த வரியை நினைவுகூர்ந்தார். அழகைப் பார்த்ததும் பக்கத்தில் இல்லாத ஒருவரைத் தேடும் மனசு, முதல் தொடரில் எனக்குக் கிடைப்பதில்லை.

நேரில் பார்க்கவும் இதற்கு இடம் இருக்கிறது. ஜப்பானின் புகழ்பெற்ற மூன்று தோட்டங்களில் பனிக்குக் கனசவாவின் கென்ரோகுயென், நிலாவுக்கு ஒகயாமாவின் கோராகுயென், பூவுக்கு மிதோவின் கைராகுயென் என்பார்கள். கென்ரோகுயெனில் நவம்பரிலேயே உயரமான கம்பம் நட்டு, உச்சியிலிருந்து குடைக்கம்பிகள் போலக் கயிறுகளை இறக்கி, பைன் கிளைகளைத் தூக்கிக் கட்டிவிடுகிறார்கள். அங்கே விழும் பனி ஈரமும் கனமும் கூடியது. கட்டாவிட்டால் கிளை முறியும்.

பொதுவாகப் பேச காச்சோ ஃபூகெட்சு போதும். என் ஓட்டு செட்சுகெக்காவுக்கே.