ஊசி போட்டாச்சு, சீட்டு எங்கே?

2006-இல் தம்பிக்காக நான் அமெரிக்கக் குடியேற்ற மனு போட்டபோது அவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. உடன்பிறந்தோருக்கான வரிசையில் நம் நாட்டுக்காரர்கள் நிற்கிற கூட்டம் அப்படி. முறை வந்து சேர்ந்தபோது அவன் மீசை நரைத்துவிட்டது. வீட்டில் 13 வயதில் ஒரு பெண், 8 வயதில் ஒரு பையன்.

நவம்பரில் நான் வசிக்கும் டாலஸிலிருந்து மூன்று வார விடுப்பில் சேலம் வந்தேன். கல்யாணச் சான்று, போலீஸ் சான்று எல்லாம் தம்பியே முடித்து வைத்திருந்தான். மிச்சம் இருந்தது மருத்துவப் பரிசோதனை மட்டும். அதைத் தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் செய்ய முடியும்; நாங்கள் போக இருந்தவர் சென்னையில். அதற்குப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை வேண்டும்.

பையன் அட்டை பத்திரமாக இருந்தது. பெரியவளுடையது? தம்பி மனைவி பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே ரேஷன் கார்டு நகல், கேஸ் ரசீது, நடுவில் பூச்சி அரித்த ஒரு காகிதக் கத்தை. "எல்லா ஊசியும் போட்டாச்சு அண்ணி, ஒண்ணுகூட விடலை" என்றாள். அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 1996-இல் வந்த விதி இது: குடியேற வருகிறவர் வயதுக்கேற்ற தடுப்பூசிகளைப் போட்டதற்குச் சான்று காட்ட வேண்டும். தேதியோடு எழுத்தில் இருந்தால்தான் சான்று. தாய் சொல்லைக் கேட்டு டிஎஸ்-3025 என்ற தடுப்பூசிப் படிவத்தில் தேதி எழுத மாட்டார்கள்.

யாரோ சொன்னார்கள் என்று நகரத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். வரவேற்பில் இருந்தவர் விஷயத்தைக் கேட்டதும், "புது அட்டை எழுதிக் குடுத்துடலாம் மேடம், பிறந்த தேதியைச் சொல்லுங்க, நாங்க கணக்குப் போட்டுக்கிறோம்" என்றார். பதின்மூன்று வருஷத்து ஊசியும் ஒரே பேனாவில், பத்து நிமிஷத்தில். தம்பி என் முகத்தைப் பார்த்தான். எழுந்து வந்துவிட்டோம். அந்த அட்டையைப் பார்த்ததும் சென்னை மருத்துவருக்குச் சந்தேகம் வராமல் இருக்குமா? ஒரு அட்டையில் பொய் சொல்லி மாட்டினால் 19 வருஷக் காத்திருப்பும் போச்சு.

தம்பி முன்பு ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தவன். பெரியவளுக்குக் குழந்தைப் பருவ ஊசி எல்லாம் மலை மேல்தான். ஊசி போட்ட நர்சின் பதிவேடு அங்கேயே இருக்க வேண்டுமே என்று அவனுக்குத்தான் தோன்றியது. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். அன்று போனால் நர்ஸ் கட்டாயம் இருப்பார். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, பனிமூட்டத்தில் பாதி வழி எதிர் வண்டியே தெரியாமல் போய்ச் சேர்ந்தோம். காபிப் பழம் பறிக்கிற சமயம். துணை சுகாதார நிலையத் திண்ணையில் கைக்குழந்தையோடு ஏழெட்டுத் தாய்மார், சிலர் பறிப்பு வேலையிலிருந்து அப்படியே வந்தவர்கள். அவர்கள் முடிகிற வரை நாங்கள் காத்திருந்தோம். அதுதான் முறை.

கிராம சுகாதார செவிலியர் புதியவர். பெரியவளுக்கு ஊசி போட்டவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். ஆனால் பழைய நோட்டுகள் பீரோவில் வருஷ வாரியாக இருந்தன. 2012 நோட்டை எடுத்து விரலை ஓட்டினார். பெரியவள் பெயர் இல்லை. தம்பி மனைவிக்கு முகம் வாடிவிட்டது. நர்சம்மா சிரித்துக்கொண்டே, "பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே ஊசி போட்டிருப்பாங்க. உங்க பேர் சொல்லுங்க" என்றார். இருந்தது. ‘பேபி ஆஃப்’ என்று போட்டு அம்மா பெயர், எஸ்டேட் பெயர், அதற்கு நேரே கட்டம் கட்டமாகத் தேதிகள். காசநோய்க்கான பிசிஜி, போலியோ சொட்டு மருந்து, ஐந்து நோய்க்கு ஒரே ஊசியான பென்டாவேலன்ட் மூன்று தவணை. அந்த ஊசியை நாட்டிலேயே முதலில் 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் தொடங்கினார்கள். எங்கள் பிள்ளை மயிரிழையில் அதற்குள் வந்திருக்கிறாள். அந்த ஐந்தில் ஹெபடைட்டிஸ்-பியும் ஒன்று என்பதால் அந்தக் கணக்கும் நேராகிவிட்டது.

அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், பிறப்புச் சான்றிதழைக் காட்டி, அந்த ‘பேபி ஆஃப்’ இவள்தான் என்று மருத்துவ அலுவலர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கினோம். இரண்டு இடத்திலும் ஒரு பைசா யாரும் கேட்கவில்லை. டாலஸில் என் மகனின் பள்ளி ஊசிச் சான்றுக்காக நான் போனில் காத்திருந்த நேரத்தை நினைத்துக்கொண்டேன். இப்போது பிறக்கும் குழந்தைகளுக்கு யூ-வின் என்ற அரசுத் தடுப்பூசித் தளத்தில் பதிவு ஏறுகிறது. இந்த அலைச்சல் அவர்களுக்கு இருக்காது.

ஆனால் பதிவு கிடைத்ததும்தான் ஓட்டைகளும் தெரிந்தன. நம் அரசு அட்டவணையில் இருப்பது தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்குமான எம்ஆர். அமெரிக்கா கேட்பது எம்எம்ஆர். நடுவில் உள்ள அந்த இன்னொரு ‘எம்’ பொன்னுக்குவீங்கி. நர்சம்மாவிடம் கேட்டேன். "அது எங்க லிஸ்ட்லயே இல்லைங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. அட்டவணைப்படி ஒரு தவணையும் விடாமல் போட்ட குழந்தைக்கும் அமெரிக்கக் கணக்கில் ஒரு கட்டம் காலியாகவே இருக்கும். சின்னம்மை ஊசியும் அரசு அட்டவணையில் இல்லை.

சொட்டு மருந்திலும் ஒரு சிக்கல். 2016 ஏப்ரலில் உலகம் முழுக்கச் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை போலியோ வைரஸை எடுத்துவிட்டார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு கொடுத்த சொட்டை அமெரிக்க அட்டவணை கணக்கில் சேர்ப்பதில்லை. பெரியவள் தப்பித்தாள். பையன் பிறந்தது 2017. போலியோ முகாம்களில் வரிசையில் நின்று வாயைத் திறந்ததெல்லாம் அவனுக்கு இந்தக் கணக்கில் வராது.

சின்னம்மை கதை வேறு. பெரியவளுக்கு ஆறு வயதில் ஏற்காட்டில் வந்து போயிருக்கிறது. நம் வீடுகளில் அம்மை வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்? வாசலில் வேப்பிலை செருகி, இளநீரும் கூழும் கொடுத்து, மூன்றாம் தண்ணீர் ஊற்றி, கோட்டை மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டதோடு முடிந்தது. மருந்துச் சீட்டு எங்கே இருக்கும்? சேலத்துக் குழந்தை மருத்துவர் பயப்பட வேண்டாம் என்றார். இந்த ஒரு நோய்க்கு மட்டும், வந்து போனது என்று நம்பத்தக்கபடி சொன்னால் சென்னை மருத்துவர் அதை எழுதிக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் ரத்தத்தில் எதிர்ப்பாற்றல் பார்ப்பார். சென்னையில் கேட்டபோது தம்பி மனைவி வேப்பிலையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். மருத்துவரும் தமிழர். பாதியிலேயே தலையாட்டி எழுதிக்கொண்டார்.

நான் சொதப்பிய இடத்துக்கு வருகிறேன். ஊசிகளைச் சேலத்திலேயே முடித்துக்கொண்டு போனால் சென்னையில் வேலை குறையும் என்று கணக்குப் போட்டு, பிள்ளைகளை அந்தக் குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போனேன். பெரியவளுக்கு எம்எம்ஆர். பையனுக்கு ஒரே நாளில் எம்எம்ஆர், சின்னம்மை, முழு அளவு போலியோ ஊசி. முதல் இரண்டும் உயிருள்ள வைரஸ் வகை; ஒரே நாளில் போடலாம், தவறினால் 28 நாள் இடைவெளி விட வேண்டும் என்பதால் அவர் சேர்த்தே போட்டார். பையன் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தும் பலனில்லை.

சென்னைப் பரிசோதனை 12 நாள் கழித்து. நேரத்தை உறுதிசெய்யப் போன் செய்தபோதுதான் அங்கே போனை எடுத்த பெண் கேட்டார்: "சமீபத்தில ஏதாவது ஊசி போட்டீங்களா?" இந்தியாவிலிருந்து போகிற 2 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் காசநோய்க்காக ஐஜிஆர்ஏ என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. தட்டம்மை மாதிரி உயிருள்ள வைரஸ் ஊசி அந்த முடிவைக் கொஞ்ச நாளைக்குக் குழப்பக்கூடும். ஊசி போட்ட அன்றே ரத்தம் எடுக்க வேண்டும், இல்லையென்றால் நாலு வாரம் பொறுக்க வேண்டும். நான் இரண்டுக்கும் நடுவில் போய் நின்றிருக்கிறேன். பரிசோதனை தள்ளிப்போனது. என் விமான டிக்கெட்டை மாற்றினேன். மூன்று வார விடுப்பு ஆறு வாரமானது. ஏற்கெனவே போட்ட ஊசிகளுக்கான சீட்டுகளை மட்டும் சேர்த்துக்கொண்டு போய், மிச்ச ஊசியைப் பரிசோதனை நாளிலேயே அங்கே போட்டிருந்தால் இந்தக் கூத்து இல்லை. நீங்களாவது அப்படிச் செய்யுங்கள்.

இதில் தம்பிக்குத் தனிப் பயம். பிள்ளைகள் கையில் பிசிஜி தழும்பு இருக்கிறதே, காசநோய் என்று காட்டிவிடாதா என்று. தோலில் போட்டுப் பார்க்கிற பழைய சோதனையில் அந்தக் குழப்பம் உண்டு. ஐஜிஆர்ஏவைப் பிசிஜி பாதிக்காது. இருவருக்கும் இல்லை என்றே வந்தது. பெரியவர்களுக்கு மார்பு எக்ஸ்ரே, ஆளுக்குச் சில ஊசி. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

11 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குக் கேட்ட மூளைக்காய்ச்சல் (மெனிங்கோகாக்கல்) ஊசி சேலத்தில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பெரியவளுக்குச் சென்னையில் போட்டோம். எல்லாத் தவணையும் முடித்தால்தான் விசா என்று நினைத்துத் தம்பி மனைவி மாதக் கணக்கைக் காலண்டரில் குறித்து வைத்திருந்தாள். அப்படி இல்லை. பரிசோதனையின்போது வயதுக்கேற்ற ஒவ்வொன்றிலும் ஒரு தவணையாவது இருந்தால் போதும், மிச்சத்தை அங்கே போய்த் தொடரலாம். கொரோனா ஊசியும் இப்போது கேட்பதில்லை. 2021 அக்டோபரில் சேர்த்ததை 2025 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள்.

நான் கிளம்பும் அன்று மும்பையில் நடக்கும் விசா நேர்காணலுக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஏற்காட்டு முத்திரை வைத்த தாளைத் தம்பி மனைவி பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்தாள். பெரியவள் அதை வெளியே எடுத்துப் படித்துவிட்டுக் கேட்டாள், "அத்தை, அமெரிக்காவுல என்னை பேபி ஆஃப்னா கூப்பிடுவாங்க?"