டிரெய்னிங் பேடா, மணலா, தெருவா: நாய்க்குட்டிக்கு எதைப் பழக்கலாம்?

வீட்டுக்குள் அசுத்தம் செய்யாதிருக்க நாய்க்குட்டியைப் பழக்க மூன்று வழிகள் உள்ளன: கடையில் விற்கும் டிரெய்னிங் பேட் (சிறுநீரை உறிஞ்சும் மெத்தென்ற விரிப்பு), மொட்டை மாடி மூலையில் பரப்பிய மணல், நேரம் தவறாமல் வெளியே அழைத்துச் செல்வது. மதுரை அண்ணா நகரில் மாடி வீட்டில் குடியிருக்கும் நாங்கள், எங்கள் நாட்டு நாய்க்குட்டிக்காக மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, தடுப்பூசிக் காலம் முடியும்வரை மட்டும் மணலைத் துணைக்கு வைத்துக்கொண்டோம்.

பேட் வசதியானது, மழையிலும் உதவும், மாதா மாதம் செலவு வைக்கும். இவையெல்லாம் எவருக்கும் தெரிந்தவையே. நான் அதை ஒதுக்கியதற்குக் காரணம் வேறு. ஏறத்தாழ எட்டு, ஒன்பது வார வயதிலேயே, எந்தப் பரப்பில் கழிக்கலாம் என்பதைக் குட்டி தன் பாதத்தின் உணர்வாலும் மோப்பத்தாலும் மனத்தில் பதித்துக்கொள்ளத் தொடங்குகிறது. பேட்டில் பழகிய குட்டி கற்றுக்கொள்வது, வீட்டுக்குள் மெத்தென்றிருக்கும் பரப்பில் கழிக்கலாம் என்பதைத்தான். பேட்டை எடுத்துவிட்டால் அது வாசலைத் தேடிப் போவதில்லை. மிதியடியையோ, போர்வையையோ, கூடத்தில் விரித்த பாயையோ தேடிப் போகிறது. தரையில் பாய் விரித்து உட்கார்ந்தும் படுத்தும் பழகிய நம் வீடுகளில் இது சிறிய தொல்லையன்று.

கோரைப்பாயின் இழைகளுக்குள் இறங்கிய சிறுநீரைக் கழுவி அகற்றுவது கடினம். சிறுநீரில் உள்ள யூரியா சிதைந்து அம்மோனியாவாக மாறும். பினாயில் வாசனை நம் மூக்குக்கு அந்த வாடையை மறைக்கிறதே தவிர, நாயின் மூக்குக்கு மறைப்பதில்லை. அந்த வாடை இருக்கும்வரை குட்டி அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். இதற்கு, வாடை தரும் பொருளைச் சிதைக்கும் என்சைம் கலந்த திரவமே ஏற்றது. ஆனால் அது வேலை செய்யப் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் மின்விசிறிக்கு அடியில் ஊற்றினால் உடனே காய்ந்துவிடும் என்பதால், அதன்மேல் ஈரத்துணியை மூடி வைப்பது நல்லது. முதலிலேயே பினாயில் ஊற்றிவிட்டால், அதன் மிச்சம் என்சைமின் செயலைக் கெடுக்கக்கூடும்.

மாடி மணலின் நன்மை, அது மண்ணையே பழக்குகிறது என்பது. பின்னாளில் தெருவோரத்துக்கோ காலிமனைக்கோ மாறுவது குட்டிக்கு எளிதாகிறது. நண்பகலில் தளம் பாதத்தைச் சுடும், ஐப்பசி மழையில் மணல் ஊறி நாறும், வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். இருந்தாலும் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி வரிசை முடிய ஏறத்தாழ பதினாறு வாரம் ஆகும் என்பதாலும், அந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்போடு இருக்கும் என்பதாலும், தெருநாய்கள் நடமாடும் இடத்தில் அதற்குமுன் குட்டியை இறக்கிவிடக் கூடாது. அந்த வாரங்களுக்கு, வேறு நாய் ஏறாத மாடியில் தூய மணலை வைப்பதே சரி.

தெருவுக்குப் பழக்குவதில் உழைப்பு அதிகம். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சிறிது நேரத்திலும், விளையாடி முடித்ததும், இரவு படுக்கும் முன்பும் அழைத்துச் செல்ல வேண்டும்; மூன்று மாதக் குட்டியால் பகலில் ஏறத்தாழ மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்கிக்கொள்ள முடியாது. ஒரே இடத்தில் நின்று, கழித்த மறுகணமே அங்கேயே தின்பண்டம் கொடுக்க வேண்டும். வீடு திரும்பிக் கொடுத்தால் எதற்காகக் கிடைத்தது என்பது அதற்குப் புரியாது. கழித்தவுடன் வீட்டுக்கு இழுத்து வந்தால், உலாவை நீட்டிப்பதற்காகவே அடக்கிக்கொள்ளப் பழகிவிடும். மலத்தை அள்ளிச் செல்ல ஒரு பை எப்போதும் கையில் இருக்கட்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களின் கூட்டத்திலும், தீபாவளி வெடிச் சத்தத்திலும் விடிவதற்கு முன்பே போய் வந்துவிடுவது நல்லது.

வீட்டுக்குள் கழித்ததற்காக அடிப்பதும், மூக்கை அதில் தேய்ப்பதும் இந்த வழியை அடியோடு கெடுத்துவிடும். கழிப்பது தவறு என்று குட்டி கற்பதில்லை. நம் கண்முன் கழிப்பது ஆபத்து என்றே கற்கிறது. பிறகு பீரோவுக்குப் பின்னால் ஒளிந்து போகும், தெருவிலோ நாம் பக்கத்தில் நிற்கும்வரை கழிக்காது.

மாடிப்படி இறங்க முடியாத முதியவர் தனியாக வளர்க்கும் நாய்க்கும், அறுவைச் சிகிச்சை முடிந்த நாய்க்கும் பேட்தான் பொருத்தம். எங்களுடையது பெண் நாய் என்பதால், காலைத் தூக்கி எல்லை குறிக்கும் ஆண் நாய்கள் விஷயத்தில் என் அனுபவம் குறைவு. கருத்தடை செய்தால் பெரும்பாலும் அது குறையும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

நன்றாகப் பழகிய நாய் திடீரென்று வீட்டுக்குள் கழித்தால் இந்த ஒப்பீடு பொருந்தாது. சிறுநீர்த் தொற்று, நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவற்றில் ஏதேனும் இருக்கலாம். கருத்தடை செய்த பெண் நாய்களுக்குத் தூக்கத்தில் சிறுநீர் கசிவதும் உண்டு. தண்ணீர் வைப்பதைக் குறைக்காமல், காலையில் கழிக்கும் சிறுநீரைச் சுத்தமான புட்டியில் பிடித்து, அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.