நாஷ்வில் ட்ரிப்: ரைமனா ஆப்ரியா, எங்க ரூம் போடலாம்?

நாஷ்வில், அமெரிக்காவோட டென்னசி மாநிலத்துல கன்ட்ரி மியூசிக்குக்கு பேர் போன ஊர். அங்க போறேன்னு சொன்னா நம்ம ஆளுங்க முதல்ல கேக்குறது எந்த ஹோட்டல்னு தான். அதை ரெண்டாவதா வச்சுக்கோங்க. எந்த ராத்திரி எங்க பாட்டு கேக்கப் போறீங்கன்னு முதல்ல முடிவு பண்ணுங்க, ஏன்னா ஊர்ல பாக்க வேண்டியது ரெண்டு பக்கமா பிரிஞ்சு கிடக்கு, டவுன்டவுன் ஒண்ணு, அங்கேர்ந்து ட்ராஃபிக் இல்லன்னா கார்ல இருபது நிமிஷம் தள்ளி ஆப்ரிங்கிற பாட்டு நிகழ்ச்சி நடக்குற ஏரியா இன்னொண்ணு. தப்பான பக்கம் ரூம் போட்டுட்டா ஊபருக்கும் பார்க்கிங்குக்கும் அழுதே பர்ஸ் காலி.

ரைமன் ஆடிட்டோரியம் டவுன்டவுன் நடுவுல இருக்கு, 1892ல திறந்தது. தாமஸ் ரைமன்னு ஒரு ஸ்டீமர் படகு முதலாளி, சாம் ஜோன்ஸ்ங்கிற பிரசங்கியார் பேச்சுல விழுந்து, அவருக்காகவே கட்ட ஆரம்பிச்ச ஜெபக் கூடம். அதனால உள்ள தியேட்டர் சீட் கிடையாது, சர்ச்ல இருக்கிற அதே நீள மர பெஞ்சு, நடுவுல கைப்பிடியும் இல்ல, பக்கத்துல வாட்டசாட்டமா ஒருத்தர் உக்காந்துட்டா ஒடுங்கிக்க வேண்டியது தான். கீழ பின் வரிசை மலிவா கிடைக்குதேன்னு பாய்ஞ்சு எடுக்காதீங்க, பால்கனியைத் தாங்குற தூண் சில சீட்டுக்கு மேடையை மறைக்கும். பால்கனி முன் வரிசை கிடைச்சா கண்ணை மூடிட்டு எடுக்கலாம். மரமே நிறைஞ்ச கூடம்ங்கிறதால கிடார் கம்பியை லேசா சுண்டுனாலும் மேல வரைக்கும் கேக்கும். பகல்ல டூர் டிக்கெட்டும் உண்டு, ஆனா ராத்திரி கச்சேரி பாக்கப் போறீங்கன்னா டூருக்கு தனியா காசு குடுக்கணும்னு எனக்கு தோணல.

கிராண்ட் ஓல் ஆப்ரிங்கிறது நிகழ்ச்சியோட பேர். 1925ல ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி நடத்துன டபிள்யூ.எஸ்.எம். ரேடியோல ஆரம்பிச்சது, 1943லேர்ந்து 1974 வரைக்கும் ரைமன்ல தான் நடந்துச்சு, அப்புறம் ஆப்ரி ஹவுஸ்னு சுமார் 4,400 பேர் உக்கார்ற பெரிய அரங்கத்துக்கு மாறிடுச்சு. மாறும்போது ரைமன் மேடையிலேர்ந்து ஆறடி அகல வட்டமா மரத்தை வெட்டி எடுத்துட்டு வந்து புது மேடை நடுவுல பதிச்சுட்டாங்க, பாடுறவங்க அதுல நின்னு தான் பாடுவாங்க. 2010 மே மாச வெள்ளத்துல மேடையே முழுகி, அந்த வட்டத்தை எடுத்து சரி பண்ணி திரும்ப பதிச்சாங்க.

ஷோ எப்படின்னா, ஆளுக்கு ரெண்டு மூணு பாட்டு தான். எண்பதைத் தொட்ட பெரியவர் ஒருத்தர் பாடிட்டு போவார், அடுத்து இப்பதான் முதல் ஹிட் குடுத்த பொண்ணு வரும், நடுவுல அறிவிப்பாளர் மைக் முன்னாடி நின்னு விளம்பரம் வாசிப்பார், ரேடியோவுல லைவா போயிட்டிருக்குல்ல. கன்ட்ரி மியூசிக்னா என்னன்னே தெரியாம போறவங்களுக்கு இது தான் சரி, ஒண்ணு பிடிக்கலன்னா பத்து நிமிஷத்துல அடுத்த ஆள் வந்துடுவார். பிடிச்ச பாடகர் ஒருத்தரை முழு கச்சேரியா கேக்கணும்னா ரைமன். என் ஓட்டு ரைமனுக்கு, அம்மா அப்பாவைக் கூட்டிட்டு போறதா இருந்தா ஆப்ரிக்கு.

டவுன்டவுன் பிராட்வே தெருவுல இருக்கிற ஹாங்கிடாங்க், அதாவது லைவ் கன்ட்ரி பாட்டு ஓடுற பார்கள் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க. காலைலேர்ந்து நடுராத்திரி தாண்டியும் லைவ் பேண்டு, நிறைய இடத்துல உள்ள போக காசு கிடையாது, ஆனா பேண்டு டிப்ஸை நம்பித் தான் வாசிக்குது, பக்கெட் வரும்போது மொபைலை நோண்டாதீங்க. நட்சத்திரங்க பேர் போட்ட அஞ்சு மாடி பார்களை விட பழைய ராபர்ட்ஸ் வெஸ்டர்ன் வேர்ல்ட் எவ்வளவோ மேல். பசங்களோட போனா பகல்லயே போயிடுங்க, இருட்டுனா பல இடத்துல 21 வயசு கேப்பாங்க. இதுக்கு நேர் எதிர் ப்ளூபேர்ட் கஃபே, கிரீன் ஹில்ஸ்ல ஒரு சாதாரண கடை வரிசைல சுமார் 90 சீட்டு, பாட்டு எழுதுனவங்களே வட்டமா உக்காந்து பாடுவாங்க, பேசுனா ஷ்ஷ்னு அடக்கிடுவாங்க. டிக்கெட் ஆன்லைன்ல நிமிஷத்துல காலி.

மியூசியத்துல கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் பெருசு, எல்விஸோட தங்க கெடிலாக் கார் அங்க தான் நிக்குது, கூட ஆர்.சி.ஏ. ஸ்டுடியோ பி டூரையும் சேர்த்து எடுக்கலாம், எல்விஸ் 200க்கும் மேல பாட்டு ரெக்கார்ட் பண்ண இடம். ஆனா 2021ல திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க இசைக்கான தேசிய மியூசியத்தை பாதி பேர் விட்டுட்டு வந்துடறாங்க, ரைமனுக்கு எதிர்லயே இருந்தும். ஆப்ரியோட ஆரம்ப கால நட்சத்திரம் டீஃபோர்ட் பெய்லினு ஒரு கறுப்பின மவுத் ஆர்கன் கலைஞர், 1941ல அவரை வெளிய அனுப்பிட்டாங்க, ஹால் ஆஃப் ஃபேம்ல சேர்த்ததே 2005ல. ரெண்டு மியூசியமும் பாத்தா தான் இந்த ஊரோட பாட்டு முழுசா புரியும். ஒண்ணுக்கு தான் நேரம்னா, பசங்க இருந்தா புதுசுக்கே போங்க, தொட்டு பாடி விளையாட நிறைய இருக்கு.

இப்ப ரூம். கேலார்ட் ஆப்ரிலேண்ட் 1977ல திறந்தது, 2,888 ரூம், கண்ணாடிக் கூரைக்கு அடியில ஒன்பது ஏக்கர் தோட்டம், அருவி, ஹோட்டலுக்கு உள்ளயே படகு. ரூமை விட்டு லாபிக்கு வர்றதே ஒரு ஊர்கோலம். ஆப்ரி ஹவுஸுக்கு நடந்தே போயிடலாம். ஆனா ரூம் வாடகைக்கு மேல ரிசார்ட் ஃபீ, பார்க்கிங்னு தனித்தனியா ஏறும், தோட்டத்தைப் பாத்த பால்கனி ரூம் இன்னும் கூட. தோட்டத்தை சும்மா சுத்திப் பாக்க அங்க தங்கணும்னு அவசியமே இல்ல, பார்க்கிங் காசு மட்டும் குடுத்துட்டு உள்ள நடக்கலாம். பசங்களோட ரெண்டு நாள் ஹோட்டலை விட்டு நகர மாட்டோம்னா மட்டும் அங்க போடுங்க.

டவுன்டவுன்ல யூனியன் ஸ்டேஷன் ஹோட்டல் 1900ல கட்டுன ரயில்வே ஸ்டேஷன், லாபி கூரைல வண்ணக் கண்ணாடி, பாக்க பாக்க அலுக்காது. ஹெர்மிடேஜ் ஹோட்டல் 1910, அதை விட விலை. 1920ல பெண்கள் ஓட்டுரிமைக்கு டென்னசி ஓட்டுப் போட்டப்போ ரெண்டு தரப்பும் கூடாரம் போட்டது அங்க தான், பக்கத்துலயே சட்டசபை. எனக்கு ஒத்து வர்றது மூணாவது வழி, ஏர்போர்ட் பக்கம் டொனல்சன்ல சாதாரண செயின் ஹோட்டல், பல இடத்துல பார்க்கிங் ஃப்ரீ, ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கு.

வெள்ளி, சனி வேண்டாம். கல்யாணப் பொண்ணுங்க பார்ட்டி கூட்டத்துல ரூம் விலை எகிறிடும், ஜூன்ல சி.எம்.ஏ. ஃபெஸ்ட்ங்கிற கன்ட்ரி மியூசிக் திருவிழா வாரம்னா கேக்கவே வேணாம். ஞாயிறு போய் புதன் திரும்புங்க, வருஷத்துல பாதிக்கு மேல செவ்வாய்க்கிழமையும் ஆப்ரி ஷோ உண்டு. அட்லாண்டாலேர்ந்து கார்ல வர்றவங்களுக்கு சுமார் நாலு மணி நேரம், ரெண்டு ஊருக்கும் டைம் ஸோன் வேறங்கிறதால போகும்போது ஒரு மணி நேரம் மிச்சம், திரும்பும்போது அதைக் கடிகாரம் வட்டியில்லாம வாங்கிக்கும்.

சைவக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. மீட் அண்ட் த்ரீ, அதாவது ஒரு கறியும் மூணு சைட் டிஷும் குடுக்கிற கடைல அந்த மூணு சைட் டிஷ் மட்டும் வாங்கி சாப்பிட்டுக்கலாம்னு போவீங்க, அந்த கீரையையும் பீன்ஸையும் பன்றிக்கறி போட்டு வேக வைக்கிற வழக்கம் உண்டு, ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. மேக் அண்ட் சீஸ் இருக்கவே இருக்கு. பெல்வியூ பக்கம் பிள்ளையார் கோயில் ஒண்ணும் இருக்கு, ஊர் திரும்புறதுக்கு முன்னாடி நேரம் இருந்தா எட்டிப் பாருங்க.